பேக் பட்டனை அழுத்திப் பார்த்து எழுதும் விமர்சனம்: ரியாக்ட் ரவுட்டர் 7

நீளமான பட்டியல் ஒன்றில் 40 வரி கீழே இறங்கி, ஒரு வரியைத் திறந்து படித்துவிட்டு, பேக் பட்டனை அழுத்துங்கள். விட்ட இடத்திலேயே வந்து நின்றால் அந்த ஆப்பின் ரவுட்டிங்கைப் பற்றி யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள். பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டால், அதைவிட மோசமாக, போட்டு வைத்த ஃபில்டர் எல்லாம் அழிந்து முதல் பக்கம் வந்து நின்றால், யாரும் யோசிக்கவில்லை. எந்த சிங்கிள் பேஜ் ஆப்பைத் (முழுப் பக்கமும் மறுபடி இறங்காமல் திரையை மட்டும் மாற்றும் ஆப்பை) தொட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதும் ஆப்பில், முகவரிக்கு ஏற்ற திரையைக் காட்டும் வேலையைப் பார்ப்பது ரியாக்ட் ரவுட்டர். அதை 4ஆம் பதிப்பிலிருந்து வேலையில் பயன்படுத்தி வருகிறேன், இப்போது 7இல் இருக்கிறேன், அதை எடைபோடும்போதும் இதே அளவுகோல்தான்.

சாதாரண இணையதளத்தில் ஒரு லிங்க்கைத் தட்டினால் பிரவுசர் நாம் கேட்காமலேயே எத்தனை வேலை பார்க்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முகவரியை மாற்றுகிறது, பழைய முகவரியை வரலாற்றில் சேர்க்கிறது, டேப்பில் லோடிங் வட்டம் சுற்றுகிறது, வந்துகொண்டிருக்கும்போதே வேறு லிங்க்கைத் தட்டினால் முதலாவதை நிறுத்திவிடுகிறது, புதிய பக்கத்தை மேலிருந்து காட்டுகிறது, திரும்பி வந்தால் பழைய இடத்துக்கு இறக்கிவிடுகிறது, ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவருக்குப் புதிய தலைப்பு வாசித்துக் காட்டப்படுகிறது, பக்கமே இல்லையென்றால் சர்வர் 404 என்று நேராகச் சொல்லிவிடுகிறது. சிங்கிள் பேஜ் ஆப் எழுத உட்கார்ந்த நிமிடமே இவை அத்தனையும் நம் தலைக்கு வந்துவிடுகின்றன. முழுப் பக்கமும் மறுபடி இறங்கத் தேவையில்லை என்ற ஒரு வசதிக்காக இவ்வளவையும் பிரவுசரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறோம். அதனால் ஒரு ரவுட்டரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பிடுங்கியதில் எவ்வளவைத் திருப்பித் தருகிறாய்?

உள்ளே நடப்பது பெரிய மந்திரம் கிடையாது. ஆரம்ப காலத்தில் முகவரியில் # குறிக்குப் பின்னால் வருவதை வைத்துச் சமாளித்தார்கள், ஏனென்றால் அந்தப் பகுதி சர்வருக்குப் போகவே போகாது, அதை மாற்றினால் பக்கமும் புதுப்பிக்கப்படாது. ட்விட்டர்கூட 2010 வாக்கில் #! வைத்த முகவரிகளுக்குப் போய், 2012இல் அதைக் கைவிட்டு முதல் பக்கத்தைச் சர்வரிலேயே தயாரித்து அனுப்பும் முறைக்குத் திரும்பியது. ஹெச்டிஎம்எல்5 காலத்தில் வந்த ஹிஸ்டரி ஏபிஐதான் நிலைமையை மாற்றியது. புஷ்ஸ்டேட் என்றால் வரலாற்றில் ஒரு புதிய வரி, ரீப்ளேஸ்ஸ்டேட் என்றால் இருக்கும் வரியையே மாற்றுவது, பயனர் பேக் அல்லது ஃபார்வர்டு அழுத்தினால் பாப்ஸ்டேட் என்ற நிகழ்வு. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: புஷ்ஸ்டேட்டை நாமே அழைத்தால் பாப்ஸ்டேட் வராது, முகவரி மட்டும் மாறிவிட்டுத் திரை அப்படியே நிற்கும், திரையை மாற்றுவது நம் பொறுப்பு. இந்த மூன்றை வைத்து 30 வரியில் ஒரு ரவுட்டர் எழுதிவிடலாம், எல்லோரும் ஒருமுறையாவது எழுதிப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். எழுதி முடித்ததும்தான் அந்த 30 வரிக்குப் பிறகு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது தெரியும்.

ரியாக்ட் ரவுட்டர் 2014இல் தொடங்கியது, மைக்கேல் ஜாக்சன், ரையன் ஃப்ளோரன்ஸ் இருவரும் சேர்ந்து. ரவுட் என்றால் எந்த முகவரிக்கு எந்தத் திரை என்ற விதி; அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் எண்ணம் எம்பர் என்ற ஃப்ரேம்வொர்க்கின் ரவுட்டரிலிருந்து வந்தது. அதன் பதிப்பு வரலாற்றைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது, ஏனென்றால் இந்த நூலகத்தின் மீது பலருக்கும் இருக்கும் கோபம் அங்கேதான் இருக்கிறது. 3 வரை ரவுட் எல்லாம் ஒரே இடத்தில் எழுதும் அட்டவணை. 2017 மார்ச்சில் 4 வந்தபோது அட்டவணை போய், ரவுட் என்பது எந்த காம்பொனென்ட்டுக்குள்ளும் (திரையின் ஒரு பகுதியை வரையும் கோட்) எழுதக்கூடிய இன்னொரு காம்பொனென்ட் ஆனது. 2019இல் 5, அது பெரிய மாற்றம் இல்லை, பின்னால் வந்த 5.1இல் ஹூக்குகள் (காம்பொனென்ட்டுக்குள் அழைக்கும் ஃபங்ஷன்கள்) சேர்ந்தன. 2021 நவம்பரில் 6: ஸ்விட்ச் போய் ரவுட்ஸ், ரீடைரக்ட் போய் நேவிகேட், யூஸ்ஹிஸ்டரி போய் யூஸ்நேவிகேட், அடுக்கு ரவுட் மறுபடி உள்ளே வந்தது. 2022 செப்டம்பரில் 6.4, டேட்டாவைக் கொண்டுவரும் லோடர், டேட்டாவைச் சேமிக்கும் ஆக்‌ஷன் எல்லாம் சேர்ந்து ஏறக்குறையப் புதிய நூலகம். 2024 நவம்பரில் 7, ரீமிக்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கையே உள்ளே இழுத்துக்கொண்டது.

4இலிருந்து 6க்கு ஒரு நடுத்தர ஆப்பை மாற்றுவது சின்ன வேலை இல்லை. எங்கள் ஆப்பில் கிட்டத்தட்ட எல்லா ஸ்கிரீன் கோப்பையும் திறக்க வேண்டியிருந்தது, எழுதியதை எல்லாம் திரும்பச் சோதிக்க வேண்டியிருந்தது, அந்த வாரங்களில் பயனருக்குப் புதிதாக ஒன்றும் போய்ச் சேரவில்லை. 6 முதலில் வந்தபோது, சேமிக்காத படிவத்தை விட்டு நகரும்போது எச்சரிக்கும் ப்ராம்ப்ட் எடுக்கப்பட்டிருந்தது, பாதையில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் போடும் வசதியும் போயிருந்தது. தடுக்கும் வேலைக்கு யூஸ்பிளாக்கர் வந்து நிலைபெற அதற்குப் பிறகு நீண்ட காலம் ஆனது. இதையெல்லாம் நேரில் பட்டவர்கள் வேறு ரவுட்டருக்குப் போனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 6இலிருந்து 7க்கு வருவது அப்படி இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது 7இல் எது நன்றாக இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் லிங்க். சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதி ஆப்புகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. டிவ் என்ற வெறும் பெட்டிக்கு ஆன்கிளிக் வைத்து நேவிகேட் அழைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதைக் கன்ட்ரோல் அழுத்திக்கொண்டு தட்டினால் புதிய டேப் திறக்காது, வலது பக்கம் தட்டி முகவரியை நகலெடுக்க முடியாது, டேப் விசையால் அதை அடையவே முடியாது. ரியாக்ட் ரவுட்டரின் லிங்க் உண்மையான ஆங்கர் டேகை உருவாக்குகிறது, இடது பட்டனால் வேறு விசை எதையும் அழுத்தாமல் தட்டினால் மட்டும் தான் எடுத்துக்கொள்கிறது, மற்ற எல்லாவற்றையும் பிரவுசரிடமே விட்டுவிடுகிறது. நேவ்லிங்க் இன்னும் ஒரு படி மேலே போய், இப்போது இருக்கும் பக்கத்தின் லிங்க்குக்கு, இதுதான் இப்போதைய பக்கம் என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் ஏரியா கரண்ட் பண்பையும் தானே சேர்க்கிறது. லிங்க் போடவேண்டிய இடத்தில் யூஸ்நேவிகேட் போடும் கோடை என் ரிவ்யூவில் பார்த்தால் நான் ஒப்புதல் கொடுப்பதில்லை.

அடுத்து, பாதைகளைத் தரம்பிரித்துப் பொருத்துவது. 5இல் ஸ்விட்ச்சுக்குள் முதலில் பொருந்துவது எதுவோ அதுதான் ஜெயிக்கும், அதனால் /ஆர்டர்ஸ்/:ஐடி என்பதை /ஆர்டர்ஸ்/நியூ-க்கு மேலே எழுதிவிட்டால் 'நியூ' என்ற ஐடியைத் தேடி சர்வருக்குப் போய்ப் பிழையோடு திரும்பும், எக்ஸாக்ட் போட மறந்தால் முகப்புப் பக்கம் எல்லா இடத்திலும் வந்து நிற்கும். 6 முதல் எந்தப் பாதை அதிகம் திட்டவட்டமானதோ அதை ரவுட்டரே தேர்ந்தெடுக்கிறது, எழுதும் வரிசை பொருட்டே இல்லை. இந்த ஒரு மாற்றத்தால் ஒரு வகைப் பிழையே எங்கள் பட்டியலிலிருந்து காணாமல் போய்விட்டது.

அடுக்கு ரவுட்டும் அவுட்லெட்டும் (உள் ரவுட்டின் திரை வந்து உட்காரும் இடம்) பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பக்கப்பட்டியும் மேல்பட்டியும் அப்படியே நிற்க நடுப்பகுதி மட்டும் மாறும், எழுதியது எழுதியபடி வேலை செய்கிறது.

லோடர்தான் என்னைப் பொறுத்தவரை இதன் உயிர். பழைய முறையில் என்ன நடக்கும்? லிங்க்கைத் தட்டினால் காம்பொனென்ட் திரைக்கு வரும், வந்தபிறகு எஃபெக்ட் ஓடி டேட்டா கேட்கும், டேட்டா வந்ததும் உள்ளே இருக்கும் குழந்தை காம்பொனென்ட் திரைக்கு வந்து அது தன் பங்குக்குக் கேட்கும், இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். லோடர் இருந்தால் முகவரியைப் பார்த்தவுடனேயே அந்த அடுக்கில் இருக்கும் எல்லா ரவுட்டுகளின் டேட்டாவும் ஒரே நேரத்தில் கேட்கப்படும். அதைவிட எனக்கு முக்கியமானது ரத்து செய்வது. முதல் ஆர்டரைத் தட்டி, பொறுமையில்லாமல் இரண்டாவதையும் தட்டினால், மெதுவாக வந்த முதல் பதில் இரண்டாவதன் மேல் போய் உட்காரும் பிழையை எத்தனை ஆப்பில் பார்த்திருக்கிறோம்! லோடருக்கு வரும் ரிக்வெஸ்ட்டில் ஒரு சிக்னல் இருக்கிறது, அதை, சர்வரிடம் டேட்டா கேட்கும் ஃபெட்ச்சுக்குக் கொடுத்துவிட்டால் பயனர் வேறு பக்கம் திரும்பியதும் பழைய கோரிக்கை நின்றுவிடுகிறது. பிரவுசர் பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்த அதே வேலை திரும்பக் கைக்கு வந்துவிட்டது. ஆக்‌ஷன் ஒன்று முடிந்ததும் திரையில் இருக்கும் லோடர்கள் தாமே மறுபடி ஓடுகின்றன, அதனால் சேமித்த பிறகு பட்டியலைக் கையால் புதுப்பிக்கும் கோடையும் எடுத்துவிடலாம்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். லோடர் முடியும்வரை பழைய பக்கம் அப்படியே திரையில் நிற்கும், டேப்பில் வட்டமும் சுற்றாது, பயனருக்கு தான் தட்டியது கேட்டதா இல்லையா என்றே தெரியாது, மறுபடி மறுபடி தட்டுவார். யூஸ்நேவிகேஷன் ஹூக்கின் நிலையைப் பார்த்து மேலே ஒரு மெல்லிய கோடாவது ஓடவிடுங்கள். லோடர் போட்டதும் ஆப் மெதுவாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலர் இந்தக் கோட்டை வைக்காதவர்கள்தான்.

சரி, பேக் பட்டனுக்கு வருவோம். ஸ்க்ரோல்ரெஸ்டோரேஷன் என்ற காம்பொனென்ட்டை ஆப்பின் உச்சியில் ஒருமுறை வைத்தால் போதும், புதிய பக்கம் மேலிருந்து தொடங்கும், திரும்பி வந்தால் டேட்டா வந்து சேர்ந்த பிறகு பழைய இடத்துக்கு இறங்கும். டேட்டா வந்த பிறகு என்பதுதான் இதில் சாமர்த்தியம், ஏனென்றால் காலியான பக்கத்தில் 3000 பிக்சல் கீழே போகச் சொன்னால் போக இடமே இருக்காது. குறை என்னவென்றால் இது ஜன்னலின் ஸ்க்ரோலை மட்டும்தான் பார்க்கிறது. உங்கள் வடிவமைப்பில் நடுவில் இருக்கும் ஒரு டிவ் மட்டும் உருண்டால் அதன் இடத்தை நீங்களே சேமித்து நீங்களே மீட்க வேண்டும். முடிந்தால் ஜன்னலே உருளும்படி வடிவமைத்துவிடுவது நல்லது. இன்னொன்று, 7ஐப் பயன்படுத்தும் மூன்று முறைகளில் இந்த வசதி டேட்டா முறையிலும் ஃப்ரேம்வொர்க் முறையிலும்தான் உண்டு, டிக்ளரேட்டிவ் முறையில் சாதாரண பிரவுசர்ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது.

ஃபில்டர் அழிவது ரவுட்டரின் தவறே இல்லை, அது நாம் ஸ்டேட்டை (திரையின் அப்போதைய நிலையை) வைக்கும் இடத்தின் தவறு. ஃபில்டர், வரிசை, பக்க எண், எந்தத் தாவல் திறந்திருக்கிறது, இவை எல்லாம் முகவரியில் இருக்க வேண்டியவை. அப்படி இருந்தால் பேக் வேலை செய்யும், ரிஃப்ரெஷ் வேலை செய்யும், லிங்க்கை நகலெடுத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு அனுப்பினால் அவரும் அதையே பார்ப்பார். அதற்கு யூஸ்சர்ச்பாராம்ஸ் இருக்கிறது. நல்ல ஹூக்தான், ஆனால் பார்ப்பதற்கு ரியாக்டின் யூஸ்ஸ்டேட் ஹூக் போலவே இருந்துகொண்டு அதுபோல நடந்துகொள்ளாது: ஒரே நிகழ்வுக்குள் இரண்டு முறை அழைத்தால், முந்தைய மதிப்பை வாங்கும் ஃபங்ஷனைக் கொடுத்தாலும்கூட, இரண்டாவது அழைப்பு முதலாவது செய்த மாற்றத்தைப் பார்க்காது. இரண்டு ஃபில்டரையும் ஒரே அழைப்பில் மாற்றிவிட வேண்டும். அப்புறம் தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் முகவரியை மாற்றுகிறீர்கள் என்றால் ரீப்ளேஸ் போடுங்கள், இல்லையென்றால் 12 எழுத்து தட்டியவர் வெளியே வர 12 முறை பேக் அழுத்த வேண்டும். லாகின் பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவதும் அப்படியே, புஷ் செய்து அனுப்பினால் பேக் அழுத்தும்போதெல்லாம் அதே லாகினுக்குத் தள்ளிவிடும், மாட்டிக்கொள்வார்கள்.

இனி வருத்தமான பகுதி. எங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் ஒருவர் ஸ்கிரீன் ரீடரில் வேலை செய்பவர். மெனுவில் லிங்க்கைத் தட்டினால் எதுவும் கேட்கவில்லை, பக்கம் மாறியதா என்று தெரியாமல் அதையே மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தார். நாங்கள் அந்த ஆப்பை வெளியிட்டுப் பல மாதம் ஆகியிருந்தது, அதுவரை எங்களில் ஒருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கவில்லை. ரியாக்ட் ரவுட்டர் பக்கம் மாறும்போது ஃபோகஸைத் (விசைப்பலகை நிற்கும் இடத்தை) தொடுவதில்லை, பக்கம் மாறியதை அறிவிப்பதும் இல்லை. ரையன் ஃப்ளோரன்ஸ் தனியாக எழுதிய ரீச் ரவுட்டரில் ஃபோகஸை நகர்த்தும் ஏற்பாடு உள்ளேயே இருந்தது, இரண்டும் ஒன்றாகும் என்று 2019இல் அறிவித்தார்கள், ஆனால் அந்தப் பகுதி 6க்கு வந்து சேரவில்லை. ஸ்வெல்ட்கிட் என்ற வேறு ஃப்ரேம்வொர்க் இதைத் தானாகவே செய்கிறது, நெக்ஸ்ட் ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்கிலும் அறிவிப்பு உண்டு. இவ்வளவு முதிர்ந்த ஒரு நூலகத்தில் இது இல்லாதது எனக்கு ஏற்கவே முடியாத குறை. நாங்கள் செய்தது: ஒவ்வொரு பக்கத்தின் ஹெச்1 தலைப்புக்கும் டேப்இண்டெக்ஸ் -1 (கோடால் ஃபோகஸ் கொடுக்க முடியும்படி) கொடுத்து, பாதை மாறியதும் அதற்கு ஃபோகஸ் கொடுக்கிறோம், முதல் முறை பக்கம் திறக்கும்போது மட்டும் கொடுப்பதில்லை. டேப்பின் தலைப்பையும் ரவுட்டர் டேட்டா முறையில் மாற்றித் தராது, ரியாக்ட் 19 வந்த பிறகு காம்பொனென்ட்டுக்குள்ளேயே டைட்டில் டேக் எழுதலாம் என்பதால் அது சுலபமாகிவிட்டது. மொத்தம் 20 வரிகூட இல்லை. அவர் மறுபடி எழுதினார், இப்போது தலைப்பு கேட்கிறது என்று.

சர்வர் பக்கம் ரவுட்டரின் கையில் இல்லை, ஆனாலும் இதை வாங்கிப் போடுபவர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். லிங்க்கைத் தட்டிப் போனால் வரும் பக்கம், ரிஃப்ரெஷ் செய்தால் 404 என்று நிற்கும், ஏனென்றால் அப்படியொரு கோப்பு சர்வரில் கிடையாது. என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ட்ரை ஃபைல்ஸ் வரி ஒன்றைப் போட்டு, இல்லாத பாதைக்கெல்லாம் இண்டெக்ஸ் கோப்பைக் கொடு என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயிருந்து அடுத்த சிக்கல். ஒருமுறை எங்கள் முகப்பு நன்றாகத் திறந்தது, /ஆர்டர்ஸ்/25ஐ நேரடியாகத் திறந்தால் வெள்ளைத் திரை, கன்சோலில் சின்டாக்ஸ் பிழை என்று ஒரு சிவப்பு வரி. அரை நாள் தேடினோம். பில்டில் ஸ்கிரிப்டின் முகவரியைச் சார்பு முகவரியாக எழுதியிருந்தோம், அதனால் பிரவுசர் அதை ஆர்டர்ஸ் பாதைக்குக் கீழே தேடியது, சர்வரோ இல்லை என்று சொல்லாமல் இண்டெக்ஸ் கோப்பையே ஸ்கிரிப்டாகக் கொடுத்தது. அதனால் அந்த விதியை எழுதும்போது ஸ்கிரிப்ட், படம் இருக்கும் கோப்புறையை விலக்கிவிடுங்கள், அங்கே இல்லாததற்கு 404தான் வர வேண்டும்.

இதன் இன்னொரு முகம், லேஸி லோடிங், அதாவது ஒரு பக்கத்தின் கோடை அது தேவைப்படும்போது மட்டும் தனித் துண்டாக இறக்குவது. பயனர் காலையில் திறந்த டேப்பை மாலைவரை வைத்திருக்கிறார், நடுவில் நீங்கள் புதிய பதிப்பு போட்டுப் பழைய கோப்புகளை அழித்துவிட்டீர்கள், அவர் இன்னும் இறங்காத ஒரு பக்கத்தின் லிங்க்கைத் தட்டுகிறார், அந்தத் துண்டு இப்போது இல்லை. 7இல் ஒவ்வொரு ரவுட்டுக்கும் தனிப் பிழைத்திரை வைக்கலாம், வைக்காத ரவுட்டின் பிழை மேலே இருக்கும் அடுத்த திரைக்குப் போகும், அதனால் மெனு அப்படியே நிற்க நடுவில் மட்டும் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது, மறுபடி திறக்கவும்' என்று காட்ட முடிகிறது. பழைய கோப்புகளைச் சில நாள் சர்வரிலேயே விட்டுவைப்பதும் உதவும்.

ஆவணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 7இன் அந்த மூன்று முறைகள்: டிக்ளரேட்டிவ் (முகவரிக்குத் திரை காட்டுவது மட்டும்), டேட்டா (லோடரும் சேர்ந்தது), ஃப்ரேம்வொர்க் (ரீமிக்ஸிலிருந்து வந்த முழு ஏற்பாடு). எந்தப் பக்கம் எந்த முறைக்கு என்று மேலே குறித்திருக்கிறார்கள், ஆனாலும் தேடலில் நேரடியாக வந்து விழுபவர் அதைக் கவனிக்காமல், தன்னிடம் இல்லாத வசதியை வேலை செய்யவைக்கப் பார்த்து அல்லாடுவார். டைப்ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்களுக்கும் முழு டைப் ஃப்ரேம்வொர்க் முறையில்தான் தயாராகக் கிடைக்கிறது. மற்ற முறைகளில் பாதையிலிருந்து வரும் ஐடி வெறும் ஸ்ட்ரிங், அது எண்தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். டைப்தான் முதல் தேவை என்றால் டான்ஸ்டாக் ரவுட்டர் இதைவிட நன்றாகச் செய்கிறது, குறிப்பாக முகவரியின் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் பகுதியைச் சரிபார்ப்பதில். நாலைந்து பக்கமே உள்ள சிறிய ஆப்புக்கு வூட்டர் போதும், சில கிலோபைட்தான். பெரும்பாலும் படிக்கும் பக்கங்களே உள்ள தளத்துக்கு இவை எதுவுமே வேண்டாம், சாதாரண லிங்க்கும் சர்வரும் போதும், மேலே சொன்ன பட்டியலில் இருக்கும் அத்தனையும் பிரவுசரே செய்துகொள்ளும்.

ஃபில்டரும் படிவமும் நிறைந்த, நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஆப் ஒன்றை ரியாக்டில் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் 7ஐ டேட்டா முறையில் எடுங்கள் என்பதே என் பரிந்துரை. ஃபோகஸுக்கான அந்த 20 வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள். ஏற்கெனவே 6இல் இருப்பவர்கள் முதலில் அதன் கடைசிப் பதிப்புக்கு வந்து, 7இன் மாற்றங்களை முன்கூட்டியே இயக்க ஃப்யூச்சர் ஃப்ளாக் என்று கொடுத்திருப்பவற்றை ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஆப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு 7க்குத் தாண்டலாம், நோட் ஜேஎஸ் 20ம் ரியாக்ட் 18ம் குறைந்தபட்சம் வேண்டும். நாங்கள் இரண்டு நாளில் முடித்தோம், அதில் ஒரு நாள் பழைய பேக்கேஜ் பெயரிலிருந்து புதிய பெயருக்கு இம்போர்ட்டுகளை மாற்றியதிலேயே போனது.